முதல் ஐரோப்பியப் பயணத்துக்கு ஸ்பிளிட் எப்படி?

மத்தியதரைக் கடல் பக்கம் ஒரு பழைய நகரத்துக்கு முதல் முறையாகப் போகிறோம், வயதான அம்மாவும் கூட வருகிறார், எந்த ஊர், எப்படிச் சுற்றிப் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். தயங்காமல் குரோவேஷியாவின் ஸ்பிளிட் நகரத்தைச் சொல்வேன். நாங்களும் அம்மாவை அழைத்துக்கொண்டு ஒரு ஜூன் மாதத் தொடக்கத்தில்தான் போனோம். பலர் தீவுகளுக்குக் கப்பல் ஏற வருகிற வழியில் இந்த ஊரில் அரை நாள் சுற்றிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்ய வேண்டாம். பழைய நகரத்தின் மதிலுக்குள்ளேயே ஒரு வீட்டில் அறை எடுத்துத் தங்குங்கள். இந்த ஊரின் அருமை அப்போதுதான் தெரியும்.

ஸ்பிளிட்டின் பழைய நகரத்துக்கு நடுநாயகம் டயோக்ளீஷியன் என்ற ரோமானியப் பேரரசனின் அரண்மனை. டயோக்ளீஷியன் தானாகவே பதவியை விட்டு விலகியவர். 305இல் முடி துறந்து, பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் கட்டிய இந்த அரண்மனைக்கு வந்து சேர்ந்தார். திரும்பி வந்து ஆளச் சொல்லிக் கேட்டபோது, ‘என் கையால் நட்ட முட்டைக்கோஸை நீங்கள் பார்த்திருந்தால் இப்படிக் கேட்க மாட்டீர்கள்’ என்றாராம். ஏழாம் நூற்றாண்டில், பக்கத்திலிருந்த, டால்மேஷியா என்ற ரோமானிய மாகாணத்தின் தலைநகரான சலோனா படையெடுப்பில் அழிந்தது. தப்பி ஓடிய மக்கள் இந்த மதிலுக்குள் புகுந்து, அறைகளைத் தடுத்து, தூண்களுக்கிடையில் சுவர் எழுப்பிக் குடியேறினார்கள். அன்று தொடங்கிய குடித்தனம் இன்னும் நடக்கிறது. சுமார் 215 மீட்டர் நீளம், 180 மீட்டர் அகலமுள்ள அந்த இடத்தில் இன்றும் மக்கள் வசிக்கிறார்கள். ஸ்ரீரங்கத்தில் மதில்களுக்குள் வீதியும் வீடும் கடையும் இருக்கின்றன அல்லவா, கிட்டத்தட்ட அதே உணர்வு. நாங்கள் தங்கிய வீட்டுக்கார அம்மாளின் சமையலறையில் ஒரு பக்கச் சுவர் முழுவதும் ரோமானியக் கல். அதில் ஆணி அடிக்கக் கூடாது என்பதால், வாணலிகளையெல்லாம் எதிர்ச்சுவரில் மாட்டியிருந்தார்.

முதலில் நிலவறைகளைப் பாருங்கள். கடலோர நடைபாதையான ரீவாவிலிருந்து வெண்கல வாசல் வழியாக நுழைந்தால் நேராக அங்கேதான் போவீர்கள். அந்தக் காலத்தில் கடல் மதிலைத் தொட்டுக்கொண்டிருந்தது, படகுகள் இந்த வாசலுக்கே வந்தன. மேலே அரசர் குடியிருந்த அறைகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் அவற்றைத் தாங்குவதற்குக் கட்டிய கீழ் அறைகள் அதே அமைப்பில், அதே அளவில் நிற்கின்றன. கீழே நடந்தாலே மேலே எந்தக் கூடம் எங்கே இருந்தது என்று புரிந்துவிடும். இவை தப்பித்த கதை இன்னும் சுவையானது. மேலே வசித்தவர்கள் நூற்றாண்டுக் கணக்கில் தரையில் துளை போட்டுக் குப்பையையும் கழிவையும் கீழே தள்ளியதில் அறைகள் அடைபட்டுப் போயின. உள்ளே யாரும் எதையும் இடிக்கவோ மாற்றவோ முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் நடுவில்தான் பெரிய அளவில் தோண்டிச் சுத்தம் செய்தார்கள். வெயில் கொளுத்தும் மதியத்திலும் உள்ளே குளுகுளுவென்று இருக்கும்.

அங்கிருந்து படியேறினால் பெரிஸ்டைல் என்ற தூண் முற்றம். இங்கே காலை ஆறு, ஆறரை மணிக்கே வந்துவிடுங்கள், மதிலுக்குள் தங்கச் சொல்வதற்கு முக்கியக் காரணமே இதுதான். பத்து மணிக்கு மேல் வழிகாட்டிகளின் குடைகளும் கூட்டமுமாக இருக்கும். விடியற்காலையில் ஒருவர் தரையைக் கூட்டிக்கொண்டிருப்பார், வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஓரத்தில் எகிப்திலிருந்து கொண்டுவந்த கறுப்புக் கல் ஸ்பிங்ஸ் (சிங்க உடலும் மனிதத் தலையும் கொண்ட சிலை) ஒன்று படுத்திருக்கிறது. அரண்மனை கட்டப்பட்ட நாளிலேயே அதற்கு ஆயிரத்தைந்நூறு வயதுக்கு மேல். இரண்டு அடி தூரத்தில் நின்று பார்த்தால் முன்னங்கைகளுக்குக் கீழே வரிசையாகச் செதுக்கிய சிறு உருவங்கள் தெரியும்.

முற்றத்தின் கிழக்கில் இருக்கும் எண்கோணக் கட்டடம் டயோக்ளீஷியன் தனக்காகக் கட்டிக்கொண்ட சமாதி. கிறிஸ்தவர்களைக் கடுமையாகத் துன்புறுத்திய அரசர் அவர். சலோனாவின் ஆயர் டொம்னியஸ் 304இல் கொல்லப்பட்டதும் அவர் ஆட்சியில்தான். பிற்பாடு அந்தச் சமாதியே பேராலயமானது. அரசரின் உடலும் கல்பெட்டியும் காணாமல் போயின. உள்ளே இன்று வணங்கப்படுபவர் அதே டொம்னியஸ். இதைத் தெரிந்துகொண்டு உள்ளே நின்றபோது எனக்கு மெய்சிலிர்த்தது. நுழைவாயிலின் மரக்கதவுகளை அவசரமாகத் தாண்டிவிடாதீர்கள். 1214இல் ஆந்திரியா புவினா என்ற கலைஞர் இயேசுவின் வாழ்க்கையை 28 கட்டங்களில் அவற்றில் செதுக்கியிருக்கிறார். மணிக்கூண்டில் ஏறுவது அம்மாவுக்கு வேண்டாம், படிகள் செங்குத்தானவை. எங்கள் அம்மா கீழே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு, எதிர்மாடியைக் காட்டி, “டேய், ராஜா அரண்மனையில கொடி கட்டிப் போர்வை காயப்போட்டிருக்காங்க பாரு” என்றார். அரண்மனையைப் பற்றி நான் படித்ததையெல்லாம் அம்மா ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

எதிர்ச்சந்தில் ரோமானியக் கடவுள் ஜூபிடரின் கோயில் இருக்கிறது. கிறிஸ்தவர்கள் அதை ஞானஸ்நானக் கூடமாக மாற்றிக்கொண்டார்கள். கட்டம் கட்டமாகப் பூ செதுக்கிய கல் விதானம் அப்படியே இருக்கிறது, கழுத்து வலிக்கும்வரை பார்க்கலாம். முற்றத்துக்குத் தெற்கே கூரையில்லாத வட்ட மண்டபத்தில் பகல் நேரங்களில் ஆண்கள் சிலர் கூடி நின்று, பக்கவாத்தியம் இல்லாமல் கிளாப்பா என்ற பாட்டைப் பாடுவார்கள். கல்சுவர் அந்தக் குரல்களை எடுத்துச் சுழற்றித் தரும். வடக்கே பொன் வாசலுக்கு வெளியே, குரோவேஷியச் சிற்பி மெஷ்ட்ரோவிச் வடித்த, பத்தாம் நூற்றாண்டு ஆயர் கிரகூரின் பிரம்மாண்டமான சிலை. நல்லது நடக்கும் என்று எல்லோரும் தடவித் தடவி அதன் கால் கட்டை விரல் பளபளக்கிறது.

ஊருக்கு வெளியே ஒரு இடம் மட்டும் போதுமென்றால் சலோனாவின் இடிபாடுகளுக்குப் போய் வாருங்கள். சோலின் என்ற ஊரில், நகரப் பேருந்திலேயே போகிற தூரம்தான். பக்கத்தில் பிறக்கும் யாட்ரோ ஆற்றிலிருந்துதான் ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்குக் கால்வாய் கட்டி அரண்மனைக்குத் தண்ணீர் கொண்டுபோனார்கள். ஸ்பிளிட் இன்றும் குடிப்பது அதே ஊற்றின் நீர். ஆகவே குழாய்த் தண்ணீரைத் தைரியமாகக் குடியுங்கள், பாட்டில் வாங்க வேண்டாம்.

சாப்பாடு பற்றிக் கவலை வேண்டாம். எங்கள் அம்மா சைவம். கிழக்கு மதிலை ஒட்டிய பசார் என்னும் காய்கறிச் சந்தையில் செர்ரியும் பாதாமும் வாங்குவோம். அங்கேயே சோபார்னிக் கிடைக்கும். மெல்லிய மாவுக்குள் கீரையும் வெங்காயமும் வைத்துச் சுட்டு, மேலே பூண்டும் ஆலிவ் எண்ணெயும் தடவித் தருவார்கள். அம்மாவுக்கு அது காலைப் பலகாரமாகவே ஆகிவிட்டது. அசைவக்காரர்களுக்கு மீன் சந்தை இருக்கவே இருக்கிறது. பக்கத்துக் கந்தக ஊற்றின் வாடைக்கு அங்கே ஈ வராது என்பார்கள். நான் போனபோது ஒரு ஈயைக்கூடப் பார்க்கவில்லை.

குளிக்க பாச்விட்சே கடற்கரை. இந்தப் பக்கக் கரைகள் பெரும்பாலும் கூழாங்கல்லும் பாறையும்தான், இங்கே மட்டும் மணல், ஆழமும் குறைவு. நீச்சல் தெரியாதவர்கள் பயமில்லாமல் இறங்கலாம். முழங்கால் தண்ணீரில் ஊர்க்காரர்கள் பிட்சிகின் ஆடிக்கொண்டிருப்பார்கள். சின்னப் பந்து நீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், விளையாட்டு அவ்வளவுதான். புள்ளிக் கணக்கு கிடையாது.

அப்புறம் நடைமுறை விஷயங்கள். 2023 ஜனவரி 1 முதல் குரோவேஷியா, ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போக முடிகிற ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, நாணயமும் யூரோவாகிவிட்டது. ஆகவே தனி விசா வேண்டாம், ஷெங்கன் விசா போதும். பேருந்து நிலையம், ரயில் நிலையம், கப்பல் துறை மூன்றும் பக்கம் பக்கமாக இருக்கின்றன, அங்கிருந்து மதிலுக்கு நடந்தே போய்விடலாம். தெருக்கல் காலங்காலமாக நடந்து நடந்து கண்ணாடி மாதிரி வழவழப்பாகியிருக்கிறது. அம்மாவுக்குப் பிடிமானமுள்ள காலணி கட்டாயம் வாங்குங்கள். அறை எடுக்கும்போது எந்த மாடி என்று கேட்டுக்கொள்ளுங்கள், உள்ளே லிஃப்ட் இருக்கும் வீடுகள் அபூர்வம். பெரிஸ்டைலை ஒட்டிய அறை என்றால் இரவு வெகுநேரம் பாட்டுச் சத்தம் கேட்கும், இரண்டு சந்து தள்ளி எடுங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் சொகுசுக் கப்பல் கூட்டமும் சேர்ந்து பாடாய்ப் படுத்திவிடும். கடலில் குளிப்பது முக்கியம் என்றால் செப்டம்பர் நல்லது. நீர் கொஞ்சம் சில்லென்று இருந்தாலும் பரவாயில்லை என்றால் மே முதல் வாரத்தில் போங்கள். மே 7 டொம்னியஸின் திருநாள், ஊர்த் திருவிழா. அன்றைக்கு ரீவாவில் ஊர்வலம் வரும்.