வகுப்பில் ஒருவன் அடித்தால் என் பிள்ளையும் அடிக்கிறானே, என்ன செய்வது?

வகுப்பில் ஒரு பையன் எல்லோரையும் அடிக்கிறான், அவனைப் பார்த்து என் நான்கு வயது மகனும் அடிக்கப் பழகிவிட்டான் என்று எழுதியிருக்கிறீர்கள். இரண்டு வருடத்துக்கு முன் இதே புகாரோடு நானும் அலைந்தேன். என் மகன் அப்போது எல்.கே.ஜி. அவனுடைய மிஸ் கூப்பிட்டு, "பக்கத்தில் இருக்கிற பிள்ளையை முதுகில் அடிக்கிறான், அடித்துவிட்டு 'இந்தா வாங்கிக்கோ' என்கிறான்" என்றார். எல்லாம் இன்னொரு பையனிடமிருந்துதான் வந்திருக்கும், இவன் இடத்தை மாற்றுங்கள் என்று நானே தீர்ப்பும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த 'இந்தா வாங்கிக்கோ' எங்கள் வீட்டுச் சரக்கு என்பது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது. ஓடி வந்தவன் வாசல் நிலையில் முட்டிக்கொண்டு வீறிட்டான். என் மாமியார் அவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிலையைப் பட்பட்டென்று அறைந்தார். "என் தங்கத்தையா இடிச்ச? இந்தா வாங்கிக்கோ! நீயும் ஒண்ணு போடுய்யா." அவனும் ஒன்று போட்டான். அழுகை நின்றுவிட்டது. நானும் சின்ன வயதில் எத்தனையோ தரையை அடித்து அழுகையை நிறுத்தியவள்தான்.

பி.எட். பரீட்சைக்காக உருப்போட்ட, உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூராவின் பொம்மைச் சோதனை அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. 1961-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் 72 குழந்தைகளை வைத்துச் செய்தது. சிலருக்கு முன்னால் ஒரு பெரியவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தினார், சுத்தியலால் அடித்தார், கூடவே ஏதோ சொன்னார். பிறகு அந்தக் குழந்தைகளில் பலர் அதே அடியை அடித்தார்கள், அதே வார்த்தையையும் சொன்னார்கள். 1965-இல் அவர் செய்த இன்னொரு சோதனைதான் நமக்கு இன்னும் முக்கியம். அடித்தவர் திட்டு வாங்குவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். ஆனால் 'அவர் செய்ததைச் செய்து காட்டு, ஜூஸும் ஸ்டிக்கரும் தருகிறேன்' என்றதும், மற்றவர்களுக்குச் சமமாகச் செய்து காட்டினார்கள். பார்த்தது உள்ளே போய்விட்டது, வெளியே வரத்தான் நேரம் பார்த்துக்கொண்டிருந்தது.

அதனால் உங்கள் பிள்ளையின் மனதிலிருந்து அந்த அடியை அழிக்கப் பார்க்காதீர்கள், முடியாது. அடித்தால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள். எங்கள் வீட்டில் சிரிப்பு கிடைத்தது. மிஸ் சொன்னதை வீட்டில் அவன் நடித்துக் காட்டியபோது என் கணவர் விழுந்து விழுந்து சிரித்தார். முதலில் அதை நிறுத்தினோம். அடுத்து, அவன் யாரையாவது அடித்தால் அவன் பக்கம் திரும்பாமல் அடி வாங்கிய குழந்தையிடம் முதலில் போனேன். "எங்கே வலிக்குது?" என்று கேட்டுத் தடவிவிட்டு, அப்புறம் அவன் கையையும் பிடித்துத் தடவ வைத்தேன். 'அடிக்காதே' என்றால் அந்தக் கை வேறு என்ன செய்யும் என்று நாலு வயதுக்குத் தெரியாது. 'தடவு', 'ஊதிவிடு', 'தண்ணீர் கொண்டு வா' என்றால் தெரியும். நல்லது செய்ததற்குச் சாக்லேட் கொடுப்பதையும் விட்டுவிட்டேன். உதவி செய்ததற்குப் பரிசு வாங்கிய 20 மாதக் குழந்தைகள் பிறகு பரிசு இல்லாதபோது குறைவாகவே உதவினார்கள் என்று 2008-இல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது.

மாமியாரிடம் சொல்வதுதான் பெரும்பாடு. "நிலையை அடிக்கச் சொல்லாதீங்க அத்தை" என்றேன். "உன் புருஷனை இப்படித்தான் வளர்த்தேன், அவன் யாரை அடிச்சான்?" என்றார். சிக்னலில் பைக்கை உரசிப் போகிற ஆட்டோக்காரரிடம் என் கணவர் பேசும் பேச்சை அத்தை கேட்டதில்லை. பையன் முன்னால் டேங்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தான். அத்தையிடம் நான் வாதாடவில்லை. அடுத்த முறை அவன் முட்டிக்கொண்டபோது, அவர் வருவதற்குள் நானே ஓடிப்போய்த் தேங்காயெண்ணெய் தடவி ஊதிவிட்டேன். மூன்று நான்கு தடவைக்குப் பிறகு எண்ணெய்க் கிண்ணத்தை அவரே எடுத்து வர ஆரம்பித்தார்.

இப்போதும் அவன் அவ்வப்போது கை ஓங்குகிறான், இல்லை என்று சொல்லமாட்டேன். போன மாதம் சைக்கிளைக் கொண்டுபோய் நிலையில் மோதினான். தன் முட்டியில் எண்ணெய் தடவிக்கொண்டு, மிச்சத்தை நிலையில் தடவிக்கொண்டிருந்தான். "அதுக்கும் வலிச்சிருக்கும்ல அப்பத்தா?" அத்தை அந்தக் கறையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துப் பார்த்துவிட்டார், இன்னும் போகவில்லை.