கண் விழித்துவிட்டார் என்று வண்டியிலிருந்து இறக்கலாமா?

தம்பி, களக்காடு பக்கம் வாழைத்தோட்டத்தில் மயங்கிக் கிடந்த பெரியவருக்கு ரத்தச் சர்க்கரை ரொம்ப இறங்கி 38, டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் கரைசலை ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்தார், வீட்டுக்காரர்கள் கேட்டதால் 108 வண்டியிலிருந்து இறக்கிவிட்டோம், சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை.

இனி இப்படி வந்தால் முதலில் மாத்திரை அட்டையைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை நோய் மாத்திரை இருந்தால், அது கணையத்தை ஒரு நாள் முழுக்க இன்சுலின் சுரக்க வைக்கும். சிறுநீரகம் தளர்ந்த வயசாளிக்கு இன்னும் நீளும். நீங்கள் ஏற்றிய 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் 100 மில்லியில் இருப்பது 25 கிராம் குளுக்கோஸ்தான், சீக்கிரமே தீர்ந்துவிடும். ராத்திரி தூக்கத்தில் மறுபடி சர்க்கரை இறங்கினால் பக்கத்தில் படுத்திருப்பவருக்குக்கூடத் தெரியாது. வீட்டுக்காரர்களிடம் இதை இப்படியே சொல்லுங்கள், பெரும்பாலும் ஏறிவிடுவார்கள். மறுத்தால் கட்டுப்பாட்டு அறை மருத்துவரைப் போனில் பேச வையுங்கள்.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி போய்ச் சேரும் வரை 15 நிமிஷத்துக்கு ஒருமுறை விரலில் குத்திப் பாருங்கள். நன்றாக விழுங்குகிறார் என்றால் இட்லி, பழம் ஏதாவது கொடுக்கலாம். அப்புறம், டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுமுன் கொஞ்சம் சலைன் (உப்புநீர்) விட்டு, ஊசி நரம்புக்குள்தான் இருக்கிறதா என்று பாருங்கள். வெளியே கசிந்தால் சதை புண்ணாகிவிடும்.

அந்தப் பெரியவரை இன்றே விசாரியுங்கள். மாத்திரை அளவை டாக்டர் மாற்ற வேண்டியிருக்கலாம்.