அரசுப் பள்ளி மாணவர்களைச் சட்டப் படிப்புக்குத் தயார் செய்யும் அறக்கட்டளைக்கு நிதியுதவி எப்படிப் பெறுவது?

இந்தக் கேள்வியைப் பார்த்துவிட்டுச் சும்மா கடந்துபோக முடியவில்லை. உங்கள் நிலைமையை நானே ஊகித்துக்கொள்கிறேன். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து டிரஸ்ட் பதிவு செய்திருப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏதோ ஒரு பள்ளி வகுப்பறையில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு க்ளாட் பாடம், அதாவது தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் சேருவதற்கான நுழைவுத் தேர்வுப் பாடம் எடுப்பீர்கள். செலவு இதுவரை உங்கள் சொந்தச் சம்பளத்திலிருந்து போயிருக்கும், வீட்டிலும் கேட்க ஆரம்பித்திருப்பார்கள். தப்பாக ஊகித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் வக்கீல் இல்லை. இதே வேலையைச் செய்யும் ஒரு சின்ன அமைப்பில் கணக்கைப் பார்த்துக்கொள்பவன், நிதி விண்ணப்பங்களையும் எழுதுபவன். அமைப்பின் பெயரைச் சொல்லப் போவதில்லை, சொன்னால் விளம்பரம் என்பார்கள்.

எல்லோரும் முதலில் தட்டும் கதவு சிஎஸ்ஆர், அதாவது கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி. 2013ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி ரூபாய் என்று இதில் ஏதாவது ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். எந்தெந்தப் பணி என்பது ஏழாம் அட்டவணையில் இருக்கிறது. சட்டக் கல்வி என்று அதில் தனியாக எழுதவில்லை, ‘கல்வியை மேம்படுத்துதல்’ என்பதில் அடங்கிவிடும். நேர்காணலுக்குப் போனால் "அறிவியல், கணிதக் கல்வி என்றால் புரிகிறது, லா எதற்கு?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். நான் என்ன சொல்வேன் என்று கேட்காதீர்கள், ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்வேன்.

இனி, இந்தப் பதிலை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன்.

ஓர் உற்பத்தி நிறுவனத்தின் சிஎஸ்ஆர் அதிகாரி எங்கள் பட்ஜெட்டை பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். மாதிரித் தேர்வு, புத்தகம், விண்ணப்பக் கட்டணம் எல்லாவற்றுக்கும் டிக். ‘ஒருங்கிணைப்பாளர் சம்பளம்’ என்ற வரியை மட்டும் சிவப்புப் பேனாவால் இரண்டு முறை சுழித்திருந்தார். "இது அட்மின் செலவு சார், சட்டப்படி 5 சதவீதத்துக்கு மேல் தர முடியாது" என்றார். அவர் மட்டுமில்லை, பாதிப் பேர் இப்படித்தான் சொல்கிறார்கள், நம்மவர்களும் கேட்டுக்கொண்டு எழுந்து வந்துவிடுகிறார்கள். விதியில் இருப்பது வேறு. அந்த 5 சதவீத வரம்பு, கம்பெனி தன் சிஎஸ்ஆர் துறையை நிர்வகிக்கத் தன்னிடமே செய்துகொள்ளும் செலவுக்கானது. ஒரு குறிப்பிட்ட திட்டத்தை வடிவமைக்க, நடத்த, கண்காணிக்க நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது. 2021 ஜனவரியில் திருத்திய விதிகளிலேயே இந்த விளக்கம் வந்துவிட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 25ஆம் தேதி கம்பெனி விவகார அமைச்சகம் கேள்வி-பதில் வடிவில் ஒரு சுற்றறிக்கையும் வெளியிட்டது.

அந்தச் சுற்றறிக்கை என் பையில் இருந்தது. எடுத்து நீட்டினேன். நிதானமாகப் படித்தார், "கரெக்ட்தான் சார்" என்றார். கூடவே, "ஆனா எங்க இன்டர்னல் பாலிசி" என்றார். சரி, பாலிசியோடு சண்டை போட முடியாது. சம்பளத்தை ஒரே வரியாகக் காட்டுவதை விட்டுவிட்டு, எங்கள் ஒருங்கிணைப்பாளரான பெண் உண்மையிலேயே செய்யும் வேலைகளாகப் பிரித்து எழுதிக் கொடுத்தேன். பள்ளிகளுக்குப் போய்ப் பேசுவது, சாதி, வருமானச் சான்றிதழ் வாங்க உடன் அலைவது, கலந்தாய்வுக்கு அழைத்துப் போவது என்று ஒவ்வொன்றுக்கும் மணிக்கணக்கோடு. தொகை அதேதான், கையெழுத்தாகி வந்தது. இதைக் கணக்கில் தில்லுமுல்லு என்று யாராவது சொல்ல வரலாம். ஒருங்கிணைப்பாளர் நாள்தோறும் எழுதிய டைம்ஷீட் இருக்கிறது, ஆடிட்டர் பார்த்திருக்கிறார், வேண்டுமானால் நீங்களும் வந்து பாருங்கள்.

கம்பெனிக்காரர்களைத் திட்டுவது என் நோக்கம் இல்லை. நல்லவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் மேலே ஒரு கமிட்டி, அதற்கு ஓர் எக்ஸெல் தாள், அந்தத் தாளில் ‘பயனாளி ஒருவருக்கு ஆகும் செலவு’ என்று ஒரு கட்டம். நம் வேலை அந்தக் கட்டத்தில்தான் தோற்கும். அதே பணத்துக்கு ஆயிரம் பேருக்கு நோட்டுப் புத்தகம் கொடுக்கலாம். நாம் முப்பது பேரைக் காட்டுவோம், அதில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவு. இந்த எண்ணிக்கையைப் பெரிதாக்கிக் காட்டாதீர்கள். ஏன் குறைவு என்பதை எழுதுங்கள். க்ளாட் ஆங்கிலத்தில் மட்டும் நடக்கிறது. 2020 முதல் கேள்விகள் எல்லாம் நீண்ட பத்திகளைப் படித்துப் பதில் சொல்லும் வகை. இப்போது இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள், தப்பான பதிலுக்குக் கால் மதிப்பெண் போய்விடும். தமிழ் வழியில் படித்த பிள்ளைக்குச் சட்டம் கஷ்டமில்லை, அந்த வேகத்தில் ஆங்கிலம் படிப்பதுதான் கஷ்டம். விண்ணப்பக் கட்டணமே பொதுப் பிரிவுக்கு 4,000 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 3,500 ரூபாய் என்ற அளவில் இருந்திருக்கிறது.

"தேசியப் பல்கலைக்கழகமே எதற்கு, அரசு சட்டக் கல்லூரி போதாதா?" என்று ஒருவர் நிச்சயம் கேட்பார். போதும். தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளின் ஐந்தாண்டுப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணே அடிப்படை, நுழைவுத் தேர்வு கிடையாது, கட்டணமும் மிகக் குறைவு. அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தொழிற்கல்வியில் 7.5 சதவீத முன்னுரிமை தரும் 2021ஆம் ஆண்டுச் சட்டத்தில் சட்டப் படிப்பும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கேதான் போகிறார்கள், நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் பெரிய சட்ட நிறுவனங்கள் வளாக நேர்காணலுக்கு எங்கே போகின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த வாசலில் நம் பிள்ளையும் நிற்கட்டும் என்று நினைப்பது பேராசை இல்லை. 2010இல் சட்டப் பேராசிரியர் ஷம்நாத் பஷீர், பின்தங்கிய பிள்ளைகளைச் சட்டப் படிப்புக்குத் தயார் செய்யும் இடியா என்ற அமைப்பைத் தொடங்கியதும் இதே எண்ணத்தில்தான். அவர் 2019இல் காலமானார், அமைப்பு இன்றும் நடக்கிறது.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். நிதி தருபவர்கள் தேர்வு நாள் வரை தருவார்கள். ரிசல்ட் வந்ததும் போட்டோ எடுப்பார்கள். பிள்ளைக்கு உண்மையில் பணம் தேவைப்படுவது அதற்குப் பிறகுதான். பல தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் விடுதியோடு சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் ஆகிறது. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்களுக்கு அரசு தரும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு, ஆனால் கட்டணத்தை முதலில் கட்டச் சொல்வார்கள், உதவித்தொகை பல மாதம் கழித்து வரும். எங்கள் மாணவி ஒருத்தி முதல் செமஸ்டர் முடியும் நேரத்தில், மெஸ் பாக்கி உள்ளவர்களுக்கு ஹால் டிக்கெட் இல்லை என்ற நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பினாள். அடியில் ஒரு பட்டியல் இருந்தது, அதில் அவள் பெயருக்கு நேரே தொகை. அதே வாரம் நிதி கொடுத்த நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல் வந்தது. ஆண்டறிக்கைக்காக அவள் சேர்க்கைக் கடிதத்தோடு சிரித்துக்கொண்டு நிற்கும் படம் வேண்டுமாம், ரெசல்யூஷன் அதிகமாக இருக்க வேண்டுமாம். மெஸ் பாக்கியை எங்கள் டிரஸ்டி ஒருவர் கட்டினார். படத்தையும் அனுப்பினோம், வேறு என்ன செய்வது?

இதற்கும் விதியில் ஒரு காரணம் இருக்கிறது. சிஎஸ்ஆரில் ‘தொடர் திட்டம்’ என்று ஒரு வகை உண்டு. தொடங்கிய நிதியாண்டை விட்டுவிட்டு மேலும் மூன்று ஆண்டுகள்தான் அதன் உச்சவரம்பு. சட்டப் படிப்போ ஐந்து ஆண்டு. எப்படிப் போட்டாலும் கடைசி ஆண்டு துண்டு விழும். அதனால் விண்ணப்பத்தைத் தொடர் திட்டமாகவே கொடுங்கள், ஓராண்டுத் திட்டமாகக் கொடுக்காதீர்கள். பயிற்சிக்கு ஒரு பங்கு என்றால், முதல் இரண்டு ஆண்டு விடுதி, லேப்டாப், மூட் கோர்ட் எனும் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கான பயணம், டெல்லியில் சம்பளமில்லா இன்டர்ன்ஷிப் போகும்போது வாடகை ஆகியவற்றுக்கு அதைவிடப் பெரிய பங்கு கேளுங்கள். பட்டியல் சாதி மாணவர்களாக இருந்தால் மத்திய அரசின் டாப் கிளாஸ் உதவித்தொகைப் பட்டியலில் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களும் இருக்கின்றன, குடும்ப வருமான வரம்பு 8 லட்சம். பல பிள்ளைகளுக்கு இது சேர்ந்த பிறகுதான் தெரியவருகிறது.

சட்ட நிறுவனங்களிடம் கேட்கலாமே என்று தோன்றும். கேளுங்கள். ஆனால் அவை பெரும்பாலும் கூட்டாண்மையாகவோ, எல்எல்பி எனும் வரம்புப் பொறுப்புக் கூட்டாண்மையாகவோ இயங்குபவை, கம்பெனி கிடையாது. 135ஆம் பிரிவு கம்பெனிகளுக்கு மட்டும். அதாவது சிமெண்ட் விற்பவருக்கு இருக்கும் கடமை, சட்டத்தை வைத்தே சம்பாதிக்கும் நிறுவனத்துக்கு இல்லை. அங்கே தனி மனிதர்களாகப் பார்த்துத்தான் கேட்க வேண்டும். வெளிநாட்டு நிதி என்றால் எஃப்சிஆர்ஏ, அதாவது வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப் பதிவு வேண்டும். அதற்கு மூன்று ஆண்டு செயல்பாடும், அந்த மூன்று ஆண்டில் 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு, பதிவு உள்ள பெரிய அமைப்பு வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தரவும் முடியாது. இப்போதைக்கு அதை மறந்துவிடுங்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறாது. படித்து முடித்த பிறகு வக்கீலாகப் பதிவு செய்ய 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம் சொல்லும் கட்டணம் 750 ரூபாய், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய். நடைமுறையில் பல மாநில பார் கவுன்சில்கள் பல ஆயிரம் வாங்கிக்கொண்டிருந்தன. 2024 ஜூலை 30ஆம் தேதி உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்று சொன்னது. ஏற்கெனவே வாங்கியதைத் திருப்பித் தர வேண்டியதில்லை என்றும் சேர்த்துச் சொன்னது. எங்கள் பிள்ளைகள் சிலர் அதற்கு முன்பே வட்டிக்கு வாங்கிக் கட்டியவர்கள். கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வாடகைக்கு வீடு தேடிப் போனால் "வக்கீலுக்கு வீடு இல்லை" என்கிறார்கள், அது வேறு. வங்கியில் வேலை பார்ப்பவர் என்றால் காபி கொடுத்து உட்கார வைக்கிறார்கள். அந்தப் பிள்ளை என்ன பாவம் செய்தது?

சரி, உங்கள் காரியத்துக்கு வருவோம். கம்பெனிகளுக்கு நிதியாண்டு மார்ச் 31இல் முடிகிறது. அடுத்த ஆண்டுத் திட்டங்களை அவர்கள் போடுகிற நேரத்தில், ஏப்ரல், மே வாக்கிலேயே உங்கள் தாள் அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். ஜனவரிக்கு மேல் "மிச்சப் பணம் இருக்கிறது, இந்த மாதத்துக்குள் செலவு செய்ய முடியுமா" என்று போன் வரும். அந்தப் பணத்தில் ஆள் சம்பளம் போடாதீர்கள், அடுத்த ஆண்டு வராது. புத்தகம், கணினி மாதிரி ஒருமுறைச் செலவுக்கு வாங்கிக்கொள்ளலாம்.

சிஎஸ்ஆர் பணம் வாங்கக் கம்பெனி விவகார அமைச்சகத்தில் பதிவு செய்து பெறும் சிஎஸ்ஆர்-1 எண் இன்னும் வாங்கவில்லை என்றால் அதுதான் முதல் வேலை. 2021 ஏப்ரலிலிருந்து அது இல்லாத டிரஸ்டுக்குக் கம்பெனி சிஎஸ்ஆர் பணம் தர முடியாது. வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு இரண்டும் இருக்க வேண்டும், மூன்று ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். படிவத்தை ஆன்லைனில்தான் போட வேண்டும், டிரஸ்டி ஒருவரின் டிஜிட்டல் கையெழுத்தும் ஆடிட்டரின் சான்றும் தேவை. டிரஸ்ட் பெயர் பான் கார்டில் ஒரு மாதிரியும் பத்திரத்தில் வேறு மாதிரியும் இருக்கிறதா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.