கண்ணாடிக்குள் முக்கால் மைக்ரான்

வாசகர் கேள்விகளுக்குப் பதில்

(பதிலளிப்பவர் பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையில் 26 ஆண்டுகள் லென்ஸ் அச்சுப் பணியில் இருந்தவர். அல்சூரில் வசிக்கிறார்.)

கேள்வி: என் மகனுக்கு ஒன்பது வயது. ஒவ்வோர் ஆண்டும் பவர் ஏறிக்கொண்டே போகிறது. கிட்டப்பார்வை ஏறுவதைக் குறைக்கும் என்று சொல்லி, விலை கூடிய ஒரு கண்ணாடியைக் கடையில் கொடுத்தார்கள். டியூப் லைட்டுக்கு நேரே சாய்த்துப் பார்த்தால் தேன்கூடு போலப் புள்ளிகள் தெரிகின்றன. சாதாரண லென்ஸில் ஏதோ ஃபிலிமை ஒட்டி ஏமாற்றிவிட்டார்களா? — ஒரு தாய், மாரத்தஹள்ளி

பதில்: சகோதரி, அந்தப் புள்ளிகளுக்குத்தான் நீங்கள் அவ்வளவு விலை கொடுத்திருக்கிறீர்கள். லென்ஸின் நடுவே சுமார் 9 மில்லிமீட்டர் அகலத்துக்குப் புள்ளி இல்லாத இடம் ஒன்று இருக்கும், பாருங்கள். கரும்பலகையைப் பையன் அதன் வழியாகத்தான் பார்க்கிறான். அதைச் சுற்றி ஏறக்குறைய 400 குட்டி லென்ஸ்கள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அகலம், சுற்றியுள்ள இடத்தைவிட 3.50 டயாப்டர் கூடுதல் பவர். அவற்றின் வழியே வரும் ஒளி விழித்திரைக்குச் சற்று முன்னாலேயே குவிகிறது. வளரும் கண் அதைத் தன் நீளத்தை நிதானப்படுத்தும் குறிப்பாக எடுத்துக்கொள்கிறது. ஹாங்காங் பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் 8 முதல் 13 வயதுக் குழந்தைகளிடம் இரண்டு ஆண்டுகள் இதைச் சோதித்தது. சாதாரணக் கண்ணாடி அணிந்தவர்களைவிட இந்த லென்ஸ் அணிந்தவர்களுக்குப் பவர் ஏறியது சராசரியாக 52 சதவீதம் குறைவு. புள்ளிகளை வட்ட வட்டமாக 11 வளையங்களில் வைத்த வேறொரு நிறுவனத்தின் லென்ஸும் இருக்கிறது.

இனி ஏறவே ஏறாது என்று கடைக்காரர் சொல்லியிருந்தால் அதை மட்டும் நம்பாதீர்கள். ஏறும் வேகம் குறையும், அவ்வளவுதான். அதுவும் பையன் காலையிலிருந்து இரவுவரை அணிந்தால்தான். பள்ளியில் மட்டும் போட்டுக்கொண்டு வீட்டில் கழற்றி வைத்தால் பணம் வீண்.

ஒட்டியதா என்று தெரிய, லென்ஸின் முகப்பு விளிம்பில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேலே ஒட்டிய தாள் என்றால் நகம் மாட்டும். புள்ளிகளை அச்சிலேயே செதுக்கி வார்ப்பதும் உண்டு. புள்ளி பதித்த ஃபிலிமை அச்சுக்குள் வைத்து அதன் மேல் லென்ஸை வார்ப்பதும் உண்டு. இரண்டிலும் நகத்துக்கு எதுவும் அகப்படாது. ஃபிலிம் என்ற சொல்லைக் கேட்டதும் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். என் வாழ்நாளில் பாதியை அந்த ஃபிலிமோடு கழித்தவன் சொல்கிறேன்.

கேள்வி: ஃபிலிமில் நுண்வடிவம் பதிக்கும் பிரிவில் பயிற்சியில் இருக்கிறேன். லென்ஸிலேயே நேராகப் பதிக்காமல் எதற்கு இடையில் ஒரு ஃபிலிம்? சூடு தணியும்வரை உரிக்காதே என்று மேற்பார்வையாளர் ஒவ்வொரு முறையும் கண்டிக்கிறார். சில நொடிகளில் என்ன கெட்டுவிடும்? — ஒரு பயிற்சியாளர், பீன்யா

பதில்: தம்பி, கணக்கிலிருந்து வருகிறேன். ஒரு மில்லிமீட்டர் அகலப் புள்ளிக்கு 3.50 டயாப்டர் வேண்டும். ஃபிலிம் செய்யும் பிளாஸ்டிக்கான பாலிகார்பனேட்டின் ஒளிவிலகல் எண், அதாவது ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு, 1.586. கணக்குப் போட்டால் அந்த மேட்டின் உயரம் முக்கால் மைக்ரான்தான் வருகிறது. தலைமுடியின் பருமனில் நூறில் ஒரு பங்கு. நீ ஃபிலிமில் பதிப்பது அதைத்தான்.

லென்ஸுக்கு வளைவு உண்டு, பவருக்குப் பவர் அந்த வளைவு மாறும். ஒவ்வொன்றுக்கும் புள்ளி செதுக்கிய தனி அச்சு செய்வது பெரும் செலவு. ஃபிலிம் தட்டையானது. வைர முனையால் ஒரே ஒரு மூலத்தைச் செதுக்கி, மின்முலாம் பூசுவது போல அதன் மேல் நிக்கலை வளர்த்து உரித்தால் ஒரு தகடு கிடைக்கும். அந்தத் தகடு சுருள் சுருளாக அச்சடித்துக்கொண்டே இருக்கும். ஃபிலிமில் பழுது இருந்தால் லென்ஸாவதற்கு முன்பே தூக்கி எறிந்துவிடலாம். தட்டையானதை வளைக்கும்போது புள்ளிகள் இழுபடும், அதற்குத் தகுந்தபடி மூலத்திலேயே திருத்தம் செய்ய வேண்டும் என்பது ஒரு தொல்லை.

அதைவிடப் பெரிய தொல்லையை உன் கையாலேயே பார்த்துவிடு. இரட்டைப் பார்வைக்காகக் கண்ணாடியில் ஒட்டும், வரி வரியாக இருக்கும் பட்டகத் தாளில் வெட்டி மிஞ்சிய துண்டு ஒன்றை எடுத்து, வரிகளின் மேல் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விடு. எண்ணெய் பரவிய இடத்தில் வரிகள் மங்கி, அழித்துவிட்டது போல் ஆகிவிடும். வரி எங்கேயும் போகவில்லை. எண்ணெயின் ஒளிவிலகல் எண்ணும் பிளாஸ்டிக்கின் எண்ணும் நெருங்கிவிட்டன, ஒளி வளைய வேலையில்லை. புதிதாகச் சேரும் எல்லாரையும் நான் முதல் நாள் இதைச் செய்யச் சொல்வேன். கீறல் விழாமல் இருக்க லென்ஸின் மேல் பூசும் ஹார்ட் கோட் சில மைக்ரான் கனம். முக்கால் மைக்ரான் மேட்டின் பள்ளத்தை அது நிரப்பிச் சமமாக்கிவிட்டால் புள்ளி இருந்தும் பயனில்லை. கீறல் படாமல் மேட்டை லென்ஸுக்குள்ளேயே புதைக்கலாம் என்றால், இரு பிளாஸ்டிக்குக்கும் எண் வேறுபட வேண்டும். அந்த வேறுபாடு 0.1 தான் கிடைக்கிறது என்று வைத்துக்கொள். காற்றில் முக்கால் மைக்ரான் செய்த வேலைக்கு உள்ளே நாலரை மைக்ரான் உயரம் தேவைப்படும்.

இப்போது சூட்டுக்கு வருகிறேன். அச்சு வெல்லம் வார்ப்பதைப் பார்த்திருப்பாய். இளஞ்சூட்டில் கவிழ்த்தால் உருக்குலைந்து விழும். பாலிகார்பனேட் 150 டிகிரி செல்சியஸை ஒட்டி இளகுகிறது. அதற்கு மேல் சூடேற்றி அழுத்துகிறோம். தகட்டோடு சேர்ந்து அது அந்த அளவுக்குக் கீழே நன்றாக இறங்கி இறுகிய பிறகுதான் பிரிக்க வேண்டும். அவசரப்பட்டால் மேட்டின் விளிம்பு தகட்டோடு இழுபட்டுச் சரியும்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் மாலைக்குள் எண்ணிக்கை காட்ட வேண்டும் என்று நெருக்கினார்கள். நானும் ஒப்புக்கொண்டு சீக்கிரம் உரித்தேன். கண்ணுக்கு ஒவ்வொரு ஃபிலிமும் பளிங்கு போல இருந்தது. மனம் ஒப்பாமல் இருட்டறையின் ஒரு கோடியில் சிறிய விளக்கை வைத்து, மறு கோடியில் ஃபிலிமைப் பிடித்து, அதற்கு ஒரு சாண் தாண்டி வெள்ளை அட்டையை நிறுத்தினேன். நல்ல ஃபிலிம் அட்டையில் மாக்கோலத்துக்கு வைத்த புள்ளிகள் போல ஒளிப் பொட்டுகளை வரிசையாக இட்டது. அன்று மாலை உரித்ததில் ஒவ்வொரு பொட்டுக்கும் வால் இருந்தது, எல்லா வாலும் உரித்த திசையிலேயே நீண்டிருந்தன. அன்றைய ஃபிலிம் முழுவதையும் கழித்துக் கட்டச் சொன்னேன். கோபித்துக்கொண்டார்கள். ஏதோ ஒரு குழந்தையின் கண்ணுக்கு முன் ஆண்டுக்கணக்கில் நிற்கப்போகிற பொருள், தம்பி. உன் மேற்பார்வையாளர் சொல்வதைக் கேள்.

கேள்வி: நீரிழிவு உள்ள என் அப்பாவுக்குத் திடீரென்று எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. கண்ணை அசைக்கும் நரம்பு தளர்ந்திருக்கிறது என்று சொல்லி, மருத்துவர் அவருடைய பழைய கண்ணாடியிலேயே வரி வரியான தாள் ஒன்றை ஒட்டிவிட்டார். கொஞ்சம் மங்கலாக இருக்கிறது என்கிறார். நல்ல லென்ஸாகவே செய்து தரச் சொல்லலாமா? — ஒரு வாசகர், விவேக் நகர்

பதில்: இப்போது வேண்டாம். அது பட்டகத் தாள்; ஒளியைத் திருப்பி, இரண்டாகத் தெரிவதை ஒன்றாகச் சேர்க்கிறது. 1823-இல் பிரான்சின் கோர்துவான் கலங்கரை விளக்கத்தில் ஃபிரெனல் என்ற இயற்பியலாளர் வைத்த லென்ஸின் வழிவந்தது. பட்டகத்தில் ஒளியைத் திருப்புவது சாய்வுதான், பருமன் அல்ல; அதனால் சாய்வை மட்டும் வரிகளாக நறுக்கித் தாளில் பதித்திருக்கிறார்கள். 15 பட்டக டயாப்டர் (ஒளியைத் திருப்பும் அளவுக்கான அலகு) அளவை 50 மில்லிமீட்டர் அகலச் சாதாரண லென்ஸில் செய்தால் ஓரம் ஒன்றரை சென்டிமீட்டர் தடிக்கும், மூக்கு தாங்காது. இந்தத் தாள் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான். மங்கல் அந்த வரிகளால் வருவது.

நீரிழிவால் தளரும் இந்த நரம்பு பெரும்பாலும் மூன்று மாத வாக்கில் தானாகவே மீளும். அதற்குள் அளவு மாறிக்கொண்டே வரும். அதனால்தான் மாற்றக்கூடிய தாளை ஒட்டியிருக்கிறார். சட்டை நுனியால் துடைக்க விடாதீர்கள், வரிகளுக்குள் அழுக்கு ஏறும். மென்மையான சோப்பு நீரில் விரலால் வரியின் போக்கிலேயே தடவிக் கழுவுங்கள். அளவு மாறினால் தண்ணீருக்குள் வைத்து உரித்து வேறு தாள் ஒட்டுவார்கள். அப்பாவின் பழைய லென்ஸுக்கு ஒன்றும் ஆகாது.