சின்ன ஆற்றில் பார்பெல் பிடிக்க 12 அடி ராடு தேவையா?

இங்கிலாந்தின் லாடன், டீம் போன்ற சின்ன ஆறுகளில் பார்பெல் என்ற ஆற்று மீனைப் பிடிக்க 12 அடி ராடு (தூண்டில் கோல்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் 10 அல்லது 11 அடியே போதும். டிரென்ட், செவர்ன் மாதிரி அகலமான ஆறுகளில்தான் அந்த நீளத்துக்கு வேலை. தூரமாக வீசவும், நூலை நீரோட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடிக்கவும் உதவும். சின்ன ஆற்றிலோ தலைக்கு மேல் மரக்கிளை. ஓங்கவே இடம் இருக்காது.

நீளத்தைவிட டெஸ்ட் கர்வைப் பாருங்கள். நுனி கைப்பிடிக்குச் செங்குத்தாக வளைய எத்தனை பவுண்டு எடை வேண்டும் என்பதுதான் அது. 1.5 முதல் 1.75 பவுண்டு சரியாக வரும். கார்ப் மீனுக்கு வாங்கிய 3 பவுண்டு ராடு வீட்டில் சும்மா கிடக்கிறதே என்று எடுத்துப் போகாதீர்கள். சில அடி தூரத்தில் மீன் திமிறும்போது அது வளைந்து கொடுக்காது; தூண்டில் முள் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். அதற்காக ரொம்ப மெல்லியதும் ஆகாது. பார்பெல் சிக்கியவுடன் மர வேரைத் தேடி ஓடும். நுனி முதல் நடுவரை வளைந்து, அடிப்பகுதி இறுகி நிற்கும் ராடுதான் அதைத் திருப்பும். 10 பவுண்டு இழுவை தாங்கும் நூல் போடுங்கள்.

துடிப்பைக் காட்டும் மெல்லிய நுனி தனியாக வேண்டுமா? அவசியமில்லை. பார்பெல் கடித்தால் ராடே ஆற்றுக்குள் போகும், அதனால் டீ ஊற்றும்போதும் ஒரு கை அதன்மேல் இருக்கட்டும். அப்புறம், மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை அங்கே ஆறுகளில் பார்பெல் பிடிக்கத் தடை.