நீளும் போர், ஏறும் கணக்கு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

உக்ரைன் போரைப் பற்றிப் போன வாரம் ஒரு சிறு குறிப்பு எழுதியிருந்தேன். ஒரு நாடு இன்னொரு நாட்டுக்குள் படையோடு நுழைந்து, அது ஆண்டுக்கணக்கில் இழுத்தால், அதன் முழு விலை பட்ஜெட்டின் 'பாதுகாப்பு' என்ற தலைப்பில் தெரியாது, பாதிக்கு மேல் வேறு இடங்களில் ஒளிந்திருக்கும் என்பதுதான் அதில் நான் சொன்னது. அதற்குக் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, என்னால் பதில் சொல்ல முடிந்தவற்றை எடுத்துக்கொண்டேன். யார் பக்கம் நியாயம் என்ற கேள்விகளை விட்டுவிட்டேன். படையெடுத்தது ரஷ்யா. அதில் எனக்குக் குழப்பம் இல்லை. இங்கே கணக்கு மட்டும்.

சார், ரஷ்யா வருஷத்துக்கு எவ்வளவுதான் செலவழிக்கிறது? ஒரே எண்ணாகச் சொல்லுங்கள்.

2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது 13.5 லட்சம் கோடி ரூபிள். மத்திய அரசின் மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6.3 சதவீதம். போருக்கு முந்தைய 2021இல் இதே தலைப்பில் சுமார் 3.5 லட்சம் கோடிதான் இருந்தது.

ஒரே எண் கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். ஆனால் அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். ஆள் சேர்க்க மாகாணங்கள் தங்கள் கஜானாவிலிருந்து கொடுக்கும் பணம் இதில் இல்லை. ஆயுத ஆலைகளுக்கு வங்கிகள் சலுகை வட்டியில் கொடுத்த கடன் இல்லை. கால் போனவருக்கு இன்னும் நாற்பது வருஷம் கொடுக்க வேண்டிய ஓய்வூதியம் இல்லை. அப்புறம், சோவியத் காலத்தில் கட்டி வைத்த கிடங்குகளிலிருந்து எடுத்து எரித்த தளவாடங்களுக்கு எந்தத் தலைப்பிலும் விலை போடப்படவில்லை. அது அடுத்த கேள்வி.

டாங்கி போனால் இன்னொரு டாங்கி செய்துகொள்ளலாமே? அவ்வளவு பெரிய நாடு.

செய்யலாம். எவ்வளவு வேகமாக என்பதுதான் சிக்கல். புகைப்பட, வீடியோ ஆதாரம் உள்ள இழப்புகளை மட்டும் எண்ணும் ஓரிக்ஸ் குழுவின் பட்டியலிலேயே ரஷ்யா இழந்த டாங்கிகள் 3,500ஐத் தாண்டிவிட்டன. படம் எடுக்கப்படாதவை தனி. புதிதாக ஒரு டாங்கியை முழுசாகக் கட்டுவது மெதுவான வேலை. அதனால் 'ஆலையிலிருந்து வெளிவந்தது' என்று சொல்லப்பட்டவற்றில் பெரும்பகுதி, திறந்தவெளியில் பல பத்தாண்டுகளாக மழையிலும் பனியிலும் நின்ற பழைய வண்டிகளைத் துரு நீக்கிச் சீர் செய்தவை. 1960களின் டி-62 களத்துக்கு வந்தது. அதற்கும் முந்தைய டி-54, டி-55 ரக வண்டிகளும் வந்தன. அவற்றை ஓட்டியவர்களின் தாத்தாக்கள் பயிற்சி எடுத்த வண்டிகள் அவை.

பீரங்கிக் குழல் இன்னும் நல்ல உதாரணம். சில ஆயிரம் குண்டுகள் சுட்டதும் குழல் தேய்ந்துவிடும், குறி தப்பும். குழல் செய்வதற்கான பெரிய இயந்திரங்கள் எந்த நாட்டிலும் குறைவு. எனவே கிடங்கில் கிடந்த பழைய பீரங்கிகளின் குழலைக் கழற்றி, களத்தில் இருந்த பீரங்கிகளில் மாட்டினார்கள். செயற்கைக்கோள் படங்களில் அந்தக் கிடங்குகள் காலியாகிக்கொண்டே வந்ததை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

பாட்டன் சேர்த்த சொத்தை விற்றுச் சாப்பிடுகிறவனின் மாதச் செலவுக் கணக்கைப் பார்த்தால் அவன் சிக்கனமானவனாகத்தான் தெரிவான். ரஷ்ய பாதுகாப்பு பட்ஜெட்டை நான் அப்படித்தான் படிக்கிறேன்.

ஐயா, இப்போது சில நூறு டாலர் ட்ரோன் கோடிக்கணக்கில் விலையுள்ள டாங்கியை உடைக்கிறது. அப்படியானால் போர் மலிவாகிவிட்டதா?

இதைத்தான் நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். என் பதில்: ஆயுதம் மலிவானது, போர் விலை ஏறியது.

கண்ணில் கருவி மாட்டிக்கொண்டு ஓட்டும் சிறு ட்ரோன் ஒன்றின் விலை சுமார் 500 டாலர். அதனால் அதை ஆயிரக்கணக்கில் அல்ல, லட்சக்கணக்கில் வாங்குகிறார்கள். உக்ரைன் 2024ஆம் ஆண்டில் மட்டும் 20 லட்சத்துக்கும் மேல் தயாரித்ததாகச் சொல்கிறது. இந்த எண்ணிக்கையின் விளைவு என்ன? போர்முனையிலிருந்து பல கிலோமீட்டர் தூரத்துக்குப் பகலில் எந்த வண்டியும் நகர முடியாது. சாப்பாடும் தண்ணீரும் ட்ரோனில் போகின்றன. காயம்பட்டவரை வெளியே கொண்டுவர நாள்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. கவசப் படையைத் திரட்டி ஒரே அடியில் உடைத்துக்கொண்டு போவது என்ற பழைய முறை செத்துவிட்டது. இரண்டு மூன்று பேராகக் காலால் நடந்து, மரவரிசைக்கு மரவரிசை ஊர்கிறார்கள். கிழக்கு உக்ரைனில் பக்மூத் நகரம் ரஷ்யாவிடம் 2023 மே மாதம் விழுந்தது, அவ்தீவ்கா 2024 பிப்ரவரியில். இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஐம்பது, அறுபது கிலோமீட்டர் கூட இருக்காது.

மலிவான ஆயுதம் தாக்குகிறவனை மெதுவாக்குகிறது. மெதுவானால் போர் நீள்கிறது. நீளும் ஒவ்வொரு மாதத்துக்கும் சம்பளம், இழப்பீடு, வட்டி எல்லாம் உண்டு. ட்ரோனில் மிச்சப்பட்டது அங்கே போய்விடுகிறது.

வானத்தில் கணக்கு தலைகீழ். ரஷ்யா ஏவும், ஈரானிய வடிவமைப்பில் வந்த ஷாஹெத் ரகத் தாக்குதல் ட்ரோன் ஒன்றுக்கு 20,000 முதல் 50,000 டாலர் வரை மதிப்பிடுகிறார்கள். அதைச் சுட்டு வீழ்த்தக்கூடிய அமெரிக்க வான் பாதுகாப்பு அமைப்பான பேட்ரியாட்டின் புதிய ரக ஏவுகணை ஒன்று சுமார் 40 லட்சம் டாலர். அதனால்தான் ஷாஹெத் மீது பேட்ரியாட்டை வீணாக்காமல், லாரியில் ஏற்றிய இயந்திரத் துப்பாக்கிகளையும் ட்ரோனை மோதி விழுத்தும் ட்ரோன்களையும் உக்ரைன் பயன்படுத்துகிறது. தற்காத்துக்கொள்கிறவர் பணக்காரராக இருந்தாலும் இந்தக் கணக்கைத் தப்ப முடியாது.

மேற்கு நாடுகளிடம் பணம் இருக்கிறதே, குண்டு ஏன் பற்றாக்குறை?

பணம் குண்டாக மாற ஆலை வேண்டும். போருக்கு முன் அமெரிக்கா மாதம் சுமார் 14,000 பீரங்கிக் குண்டுகள்தான் செய்துகொண்டிருந்தது. உக்கிரமான போரில் இரண்டு மூன்று நாளில் அது தீர்ந்துவிடும். ஐரோப்பிய ஒன்றியம் 2024 மார்ச்சுக்குள் 10 லட்சம் குண்டு தருவதாக வாக்குக் கொடுத்து, அந்தத் தேதிக்குள் பாதியளவே கொடுக்க முடிந்தது. ரஷ்யாவும் வட கொரியாவிடம் போய் நின்றது.

இறந்தவர் எண்ணிக்கையில் எதை நம்புவது? இரண்டு பக்கமும் பொய் சொல்கிறார்கள்.

எதிரியின் இழப்பைப் பற்றி ஒரு பக்கம் சொல்வதை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. மீடியாசோனா என்ற சுதந்திரமான ரஷ்யச் செய்தித் தளமும் பிபிசி ரஷ்ய சேவையும் சேர்ந்து ஒரு வேலை செய்கிறார்கள்: இரங்கல் செய்தி, கல்லறை, உள்ளூர்ப் பத்திரிகை என்று தேடி, பெயர் உறுதியானவர்களை மட்டும் எண்ணுகிறார்கள். அப்படி எண்ணியே ரஷ்யத் தரப்பில் 2025இல் 1 லட்சம் பெயர்களைத் தாண்டிவிட்டது. இது தரைமட்டக் கணக்கு, உண்மை இதற்கு மேலேதான். ஒப்பிட ஒன்று சொல்கிறேன்: 1979 கடைசி முதல் 1989 பிப்ரவரி வரை ஆப்கானிஸ்தானில் சோவியத் படை இழந்தது சுமார் 15,000 பேர். பக்மூத்தில் மட்டும் தன் வாக்னர் கூலிப்படையில் 20,000 பேர் இறந்ததாக அதன் தலைவர் பிரிகோஷினே சொன்னார். அதில் பாதிப் பேர் சிறையிலிருந்து எடுத்து வந்தவர்கள்.

உக்ரைனில் 43,000 வீரர்கள் இறந்ததாக 2024 டிசம்பரில் ஜெலென்ஸ்கி சொன்னார். அதையும் தரைமட்டக் கணக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

தடைகள் எல்லாம் போட்டும் ரஷ்யப் பொருளாதாரம் வளர்ந்ததே. தடை தோற்றுவிட்டது என்று ஒப்புக்கொள்ளுங்கள் சார்!

2022இல் கவிழ்ந்துவிடும் என்று சொன்னவர்கள் தோற்றார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். 2023, 2024 இரண்டு ஆண்டுகளிலும் 4 சதவீதத்தை ஒட்டி வளர்ச்சி. ஆனால் அந்த வளர்ச்சிக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒரு டாங்கியைச் செய்தால் அது உற்பத்திக் கணக்கில் ஏறும். அடுத்த வாரம் அது எரிந்தால் கணக்கிலிருந்து கழியாது. அதே இரும்பில் ஒரு ரயில் பெட்டி செய்திருந்தால் முப்பது வருஷம் ஓடியிருக்கும்.

ஆலைகள் மூன்று ஷிப்ட் ஓடின, ஆட்கள் போர்முனைக்குப் போனார்கள், பல லட்சம் பேர் நாட்டைவிட்டே போனார்கள். வேலையின்மை 2.3 சதவீதத்துக்கு இறங்கியது. கேட்க இனிமையாக இருக்கும், ஆனால் ஆள் கிடைக்கவில்லை என்பதுதான் அதற்கு அர்த்தம். சம்பளம் ஏறியது, பின்னாலேயே விலையும் ஏறியது. 2024இல் பணவீக்கம் 9.5 சதவீதம். வெண்ணெய் விலை அதே ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறி, சில கடைகளில் வெண்ணெயைப் பூட்டு போட்ட பெட்டியில் வைக்கும் அளவுக்குப் போனது. மத்திய வங்கி வட்டியை 2024 அக்டோபரில் 21 சதவீதமாக்கியது. போர் தொடங்கியபோது பீதியில் வைத்ததே 20தான்.

அந்த வட்டியில் கடன் வாங்கி யார் புதுத் தொழில் தொடங்குவார்? ஆயுத ஆலைக்குச் சலுகைக் கடன் உண்டு, மற்றவர்களுக்கு இல்லை. நிறுவன வரி 2025இல் 20இலிருந்து 25 சதவீதம் ஆனது. 2026 ஜனவரியிலிருந்து மதிப்புக் கூட்டு வரி 22 சதவீதம். எண்ணெய் வருமானத்தில் சேர்த்து வைத்த தேசிய நல நிதியில் கையில் எடுக்கக்கூடிய பகுதி பாதிக்கும் மேல் கரைந்துவிட்டது. 2025இல் வளர்ச்சியும் படுத்துவிட்டது. தடைகள் மட்டும் இதைச் செய்யவில்லை. போரே செய்தது, தடைகள் தப்பிக்கும் வழிகளைச் சுருக்கின.

எரிவாயுவைச் சீனாவுக்குத் திருப்பிவிட்டால் போயிற்றே?

எண்ணெய்க்கு அது நடந்தது. கப்பலில் ஏற்றினால் எங்கும் போகும், இந்தியாவும் சீனாவும் தள்ளுபடியில் வாங்கின. எரிவாயு குழாயோடு கட்டப்பட்டது. 2021இல் ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்யாவிடம் குழாய் வழியே வாங்கியது சுமார் 14,000 கோடி கன மீட்டர். சீனாவுக்குப் போகும் 'சைபீரியாவின் சக்தி' குழாயின் கொள்ளளவு 3,800 கோடிதான். அதற்கும் மேல், அது கிழக்குச் சைபீரிய வயல்களிலிருந்து போகிறது. ஐரோப்பாவுக்கு ஊட்டிய மேற்குச் சைபீரிய வயல்களோடு அதற்கு இணைப்பே கிடையாது. ரஷ்ய அரசின் எரிவாயு நிறுவனமான காஸ்ப்ரோம் 2023இல் 62,900 கோடி ரூபிள் நஷ்டம் காட்டியது, 1999க்குப் பிறகு முதல் ஆண்டு நஷ்டம். ஐம்பது வருஷம் பார்த்துப் பார்த்துக் கட்டிய சந்தை அது.

படையெடுத்தவன் கணக்கையே பேசுகிறீர்கள். அடி வாங்கிய நாட்டின் கணக்கு?

நியாயமான குறை. உக்ரைனின் உற்பத்தி 2022 ஒரே ஆண்டில் சுமார் 29 சதவீதம் சரிந்தது. மறுகட்டுமானத்துக்குப் பத்து ஆண்டுகளில் 52,400 கோடி டாலர் வேண்டும் என்று உலக வங்கி, ஐ.நா., ஐரோப்பிய ஆணையம், உக்ரைன் அரசு சேர்ந்து 2025 பிப்ரவரியில் மதிப்பிட்டன. நாட்டின் 2024 உற்பத்தியைப்போல் 2.8 மடங்கு. தன் வரி வருமானத்தை உக்ரைன் போருக்குக் கொடுத்துவிடுகிறது. ஆசிரியர் சம்பளமும் முதியோர் ஓய்வூதியமும் வெளிநாட்டு உதவியில் ஓடுகின்றன.

என்னை அதிகம் உறுத்துவது கட்டடம் இல்லை. அறுபது லட்சம் பேர் அளவுக்கு வெளிநாட்டில் இருக்கிறார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். ஏழு வயதில் போன குழந்தை வேறு மொழியில் படித்து வளர்ந்துவிட்டால் திரும்பி வருமா? பிறப்பு விகிதம் போருக்கு முன்பே குறைவாக இருந்த நாடு அது. பாலத்தைக் கடன் வாங்கிக் கட்டலாம், ஆட்களை எங்கே வாங்குவது? கண்ணிவெடி இருக்கலாம் என்று முதலில் குறித்த பரப்பு 1,74,000 சதுர கிலோமீட்டர். ஆய்வு செய்யச் செய்ய அது குறைந்துவருகிறது. குறைந்தாலும் ஒவ்வொரு வயலையும் யாராவது போய்ப் பார்த்தாக வேண்டும்.

முடக்கிய ரஷ்யப் பணத்தை எடுத்துக் கட்டினால் போதாதா?

போர் தொடங்கியதும் மேற்கு நாடுகள் முடக்கிய ரஷ்ய மத்திய வங்கியின் பணம் சுமார் 30,000 கோடி டாலர், பெரும்பகுதி பெல்ஜியத்தில் பத்திரங்களைப் பாதுகாத்து வைக்கும் யூரோகிளியர் நிறுவனத்தில். முழுவதும் எடுத்தாலும் மேலே சொன்ன தொகைக்குப் போதாது. அதில் வரும் லாபத்தை ஈடாக வைத்து ஜி-7 நாடுகள் 5,000 கோடி டாலர் கடன் ஏற்பாடு செய்தன. அசலைத் தொடுவதில் சட்டச் சிக்கல் உண்டு.

முன்கூட்டியே சரியாகக் கணக்குப் போட்ட அரசு எதுவுமே இல்லையா? இந்தப் பில் எப்போதுதான் முடியும்?

சரியாகச் சொல்லப் பார்த்தவருக்கு என்ன ஆனது என்று சொல்கிறேன். 2002இல் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, ஈராக் போருக்கு 10,000 முதல் 20,000 கோடி டாலர் ஆகலாம் என்றார். வெள்ளை மாளிகைக்கு அது பிடிக்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் பதவி போயிற்று. கடைசியில் அவர் சொன்னதே மிகக் குறைவு என்று ஆனது. 2001க்குப் பிந்தைய அமெரிக்கப் போர்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வுத் திட்டம் ஒன்று போட்ட கணக்கு 8 லட்சம் கோடி டாலர். அதில் 2.2 லட்சம் கோடி, வீரர்களுக்கு இனிமேல் ஆகப்போகும் மருத்துவ, உதவிச் செலவு.

முடிவு எப்போது? அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதற்கான கடைசி ஓய்வூதியம், ஒரு வீரரின் மகளுக்கு மாதம் 73.13 டாலர், 2020இல் அவர் இறக்கும்வரை போய்க்கொண்டிருந்தது.

இவ்வளவையும் படிக்க நேரமில்லை. ஒரே ஒரு எண்ணைப் பார்க்க வேண்டுமென்றால்?

ராணுவ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் ரஷ்யாவில் கொடுக்கும் தொகை. 2024 ஜூலையில் மத்திய அரசின் பங்கை 1,95,000 ரூபிளிலிருந்து 4 லட்சமாக்கினார் புதின். அதே மாதம் மாஸ்கோ நகரம் தன் பங்காக 19 லட்சம் அறிவித்தது. இரண்டும் சேர்ந்தால் அந்நாட்டின் சராசரிச் சம்பளத்தில் இரண்டு ஆண்டுக்கு மேல். 2022 செப்டம்பரில் 3 லட்சம் பேரைக் கட்டாயமாக அழைத்தபோது கிளம்பிய எதிர்ப்பைப் பார்த்த பிறகு, பணம் கொடுத்து ஆள் எடுப்பதே வழி என்று முடிவெடுத்துவிட்டார்கள். அதனால் இந்த எண்ணில் எல்லாமே இருக்கிறது: ஆள் இழப்பு, ஆள் பற்றாக்குறை, மாகாணக் கஜானாவின் நிலை.

ஒரு எச்சரிக்கை. 2025 கடைசியில் சில மாகாணங்கள் இந்தத் தொகையைக் குறைத்தன. எண் இறங்கினால் ஆள் தாராளமாகக் கிடைக்கிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். முதலில் அந்த மாகாணத்தின் பட்ஜெட் பற்றாக்குறையைப் பாருங்கள்.