கடைக்கு வருபவரிடம் என்ன பேசுவது?

கேள்வி: எனக்கு 26 வயது. மூன்று வருடம் வீட்டிலிருந்தே கணினி வேலை பார்த்தேன். இப்போது நன்னிலம் பக்கத்தில் மாமாவின் உரக்கடையைக் கவனிக்கிறேன். வருபவர்களிடம் ‘வாங்க, என்ன வேணும்?’ என்பதற்கு மேல் பேச்சு ஓடவில்லை. பேசி அனுப்பிய பிறகும் என்னைப் பற்றி என்ன நினைத்திருப்பாரோ என்று மனம் குடைகிறது. தஞ்சாவூரில் ஆளுமைப் பயிற்சிக்கு 18,000 ரூபாய் கேட்கிறார்கள். சேரலாமா?

உளவியல் ஆலோசகர் பதில்: சேர வேண்டாம். இந்த வகுப்புகளில் மைக்கைப் பிடித்து ஐந்து நிமிடம் பேசச் சொல்லித் தருவார்கள். மேடையில் நீங்கள் பேச, மற்றவர்கள் வாய் மூடி இருப்பார்கள். கடையிலோ எதிரில் இருப்பவர் பேச வேண்டும். அங்கே போய்விட்டு என்னிடம் வந்தவர்கள் பலர். குரல் உயர்ந்திருக்கும், தயக்கம் அப்படியே இருக்கும். பயிற்சி தருபவர் என்ன படித்தார், கட்டிய பணம் பாதியில் திரும்புமா, உங்களைச் சேர்த்துவிடும் நண்பருக்குக் கமிஷன் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் வாயில் விரல் வைத்து உட்காரச் சொல்லிவிட்டு, கல்லூரிக் கடைசி வருடத்தில் அதே பிள்ளைக்குப் பேசத் தெரியவில்லை என்று தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

சரி, உங்கள் விஷயம். பேச்சுக்கு விஷயம் தேடாதீர்கள். அவர் சொன்னதிலேயே நுனி இருக்கும், அதைப் பிடியுங்கள். ஒருவர், ‘யூரியாவை நாளைக்கு எடுத்துக்கிறேன் தம்பி, இன்னைக்கு ராத்திரி கொள்முதல் நிலையத்துல நெல்லுக்குக் காவல்’ என்கிறார். நீங்கள் ‘சரிங்க’ என்றால் பேச்சு முடிந்தது. ‘எத்தனை நாளாக் கிடக்குது?’ என்று கேளுங்கள். ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று திருப்பியதையும், பகலில் காயவைத்து இரவில் தார்ப்பாய் போட்டு மூடியதையும் அவரே சொல்வார். அப்புறம் மறுநாள் வரும்போது ‘நெல்லு போட்டாச்சா?’ என்று நீங்கள் கேட்க வேண்டும். உங்கள் மாமாவுக்கு அந்த ஞாபகம்தான் கைவந்திருக்கும்.

தொடங்க வேண்டுமென்றால் ஜூன் 12-ல் மேட்டூர் திறந்த பிறகு ‘வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா?’, ஐப்பசியில் ‘வயல்ல தண்ணி வடிஞ்சுதா?’ போதும்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். ‘எந்த ஊர்?’ என்று கேட்கலாம். ‘எந்தத் தெரு?’ என்று கேட்காதீர்கள். நம் பக்கத்தில் தெருவைக் கேட்பது சாதியைக் கேட்பதுதான். நீங்கள் வெள்ளந்தியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் அதே கேள்வியைக் கேட்டபின் டீ கிளாஸை மாற்றிக் கொடுத்த ஆட்களை அவர் பார்த்திருப்பார். ‘யார் வீட்டுப் பிள்ளை?’, ‘குலதெய்வம் எது?’ இரண்டும் அங்கேதான் போய் நிற்கும். ‘ஊர்ல எந்தப் பக்கம்?’ என்று சுற்றி வளைத்தாலும் அதேதான். மூட்டை இறக்க வழி தெரிய வேண்டுமா? ‘வண்டி எங்க வந்து நிக்கணும்?’ என்று கேளுங்கள். ரேஷன் கடையோ மதகோ, அவர் ஒரு அடையாளம் சொல்வார். அதற்கு மேல் உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை.

பிறகு மனக்குடைச்சல். அமெரிக்காவில் 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், புதிதாகச் சந்தித்துப் பேசியவர்களைத் தனித்தனியாகக் கேட்டார்கள். எதிராளிக்குத் தங்களை எவ்வளவு பிடித்தது என்பதைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிட்டிருந்தார்கள். உங்கள் கணக்கும் அப்படித் தப்பாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ஆனால் ஆளைக் கண்டாலே நெஞ்சு படபடத்து, கடைக்குப் போகாமல் இருக்கச் சாக்குத் தேடுகிற அளவுக்குப் போனால் 14416-க்கு அழையுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம்.

நாளைக்குக் கடை திறந்ததும் கல்லாவுக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போட்டு வையுங்கள். நின்றுகொண்டிருப்பவர் பில்லை வாங்கிக்கொண்டு கிளம்பத்தான் பார்ப்பார்.